வரிசைப்படுத்து, வாயை மூடு

அமெரிக்க மருத்துவ ரெசிடென்சி என்ற பெருங்கூத்தில் பொய் பேசாத பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: கணிப்பொறி. டீன், சேர்மன், புரோகிராம் டைரக்டர், விண்ணப்பம் போடும் மாணவர் என்று மற்ற எல்லாரும் செப்டம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை வாய் கூசாமல் புளுகுகிறார்கள். மாணவர் புளுகுவதை விட்டுவிடலாம், வயிற்றுப்பாடு. நாற்காலி நிலைத்துப்போன பெரியவர்களுக்கு என்ன வந்தது?

கூத்தின் விதி இது. மருத்துவக் கல்லூரியின் கடைசி வருஷத்தில் மாணவர் பல ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். கூப்பிட்ட இடங்களில் இன்டர்வியூ கொடுக்கிறார். பிறகு பிடித்த வரிசையில் ஒரு பட்டியல் எழுதிக் கணிப்பொறியில் பூட்டுகிறார். ஆஸ்பத்திரியும் தனக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்திப் பூட்டுகிறது. என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு இரண்டையும் பொருத்திப் பார்க்கிறது; இதற்குப் பெயர்தான் 'மேட்ச்'. மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். அடுத்த மூன்று முதல் ஏழு வருஷம் அங்கேதான் ரெசிடென்ட், அதாவது சம்பளத்தோடு மேற்பயிற்சி பெறும் டாக்டர். 'இருங்கள், சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன்' என்றெல்லாம் சொல்ல முடியாது. பட்டியலைப் பூட்டியதே கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

பொருத்திப் பார்க்கும் கணக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதால் அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1940களில் ஆஸ்பத்திரிகள், படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப் போட்டன. கல்லூரிகள் அதற்குக் கடிவாளம் போட்டதும் 'உடனே பதில் சொல், இல்லாவிட்டால் இடம் போச்சு' என்ற தந்தி யுத்தம் தொடங்கியது. யோசிக்க 12 மணி நேரமாவது கொடுக்கலாமே என்றபோது, 1949இல் ஆஸ்பத்திரிகளின் சங்கம் அதுவே அதிகம் என்றது. இந்தக் கேவலத்துக்கு முடிவு கட்டத்தான் 1952இல் மேட்ச் வந்தது. அதற்கு முதலில் வகுத்த முறையோ, எட்டாத இடத்துக்கு ஆசைப்பட்ட மாணவரைத் தண்டிப்பதாக இருந்தது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது எந்தப் பேராசிரியரும் இல்லை. ஹார்டி ஹெண்ட்ரன் என்ற ஹார்வர்டு மாணவரும் அவரோடு சேர்ந்த மாணவர்களும் 1951இல் கொடி பிடித்து, முறையை மாற்ற வைத்தார்கள்.

1962இல் கேல், ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள், ஆண்களையும் பெண்களையும் எப்படி ஜோடி சேர்த்தால் எவரும் இன்னொருவரோடு ஓடிப்போக மாட்டார்கள் என்று ஒரு தேற்றம் எழுதினார்கள். மேட்ச் பத்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் என்பதை 1984இல் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு விஷயம்: மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தராசு சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிதான் இங்கே மாப்பிள்ளை வீடு என்று சொல்லத் தேவையில்லை. 1998இல் தராசை மாணவர் பக்கம் திருப்பினார்கள். அதனால் கதி மாறியவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான் என்று ராத்தே சொன்னார். இருக்கட்டும். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தராசைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு 'எல்லாம் மாணவர் நன்மைக்கே' என்று பேசியவர்கள் யார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 2012இல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் நோபல் கிடைத்தது.

ஆக, இன்றைய மாணவர் செய்ய வேண்டியது மிகச் சுலபம். மனசுக்கு எது முதலோ அதை முதலில் போட வேண்டும், எது இரண்டாவதோ அதை இரண்டாவதாக. அங்கே கிடைக்குமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிடைக்காத இடத்தை மேலே போட்டதற்காகக் கிடைக்கிற இடம் கை நழுவிப் போகாது. தந்திரத்துக்கு வேலையே இல்லாத கணக்கு. தந்திரத்துக்கு வேலை இல்லாத இடத்தில் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும்.

"தம்பி, அந்தப் பெரிய இடத்த ஒண்ணாவதாப் போடாத. அவங்க உன்னப் பதினஞ்சாவதாத்தான் வெச்சிருப்பாங்க. சும்மா ஒரு இடம் வீணாப் போயிரும்."

"கணக்கு அப்படி வேலை செய்யாதாமேண்ணா."

"கணக்கு கிடக்கட்டும்ப்பா. நான் இந்த ஊர்ல இருபது வருஷமா இருக்கேன்."

இருபது வருஷம் ஒரே ஊரில் குடியிருந்தால் கணிதத் தேற்றம் பொய்யாகிவிடும் என்பது டெட்ராய்ட் முதல் ஹூஸ்டன் வரை நம் அண்ணன்மார்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அண்ணனாவது வெகுளி. ரெசிடென்சியை நடத்தும் புரோகிராம் டைரக்டர் வெகுளி இல்லை. எங்களை எத்தனாவதாகப் போடப் போகிறாய் என்று மாணவரைக் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் அப்படி. தானாகச் சொன்னால் தடையில்லை. இந்தச் சந்து போதாதா? பிப்ரவரியில் காதல் கடிதங்கள் பறக்கும். 'உங்களைச் சந்தித்ததில் எங்கள் குழுவே நெகிழ்ந்துபோயிற்று, எங்கள் பட்டியலில் நீங்கள் மிக உயரத்தில் இருக்கிறீர்கள்.' எட்டு இடத்துக்கு அறுபது பேரை உயரத்தில் வைக்கும் ஏணி எந்தக் கடையில் விற்கிறது? மாணவரும் சளைத்தவர் இல்லை. 'நீங்கள்தான் எனக்கு முதலிடம்' என்று நாலு பேருக்கு எழுதுகிறார். நோயாளியிடம் உண்மை பேசுவது எப்படி என்று முதல் வருஷம் வகுப்பெடுத்தவரும், அதைக் கேட்டு நோட்ஸ் எடுத்தவரும்தான் இந்த இரண்டு பேரும்.

பொய் அதிகமாகிவிட்டது, யாருக்கு உண்மையான ஆசை என்று தெரியவில்லை என்று ஆஸ்பத்திரிகள் புலம்பியதும் ஒரு வைத்தியம் வந்தது. அதற்குப் பெயர் சிக்னல்: 'உங்கள் இடம் எனக்கு உண்மையிலேயே வேண்டும்' என்று விண்ணப்பத்தோடு எண்ணி அனுப்பும் அடையாளம். இன்டர்னல் மெடிசினுக்கு விண்ணப்பிப்பவர் மூன்று தங்கம், பன்னிரண்டு வெள்ளி அனுப்பலாம். வருங்கால விஞ்ஞானியின் வாழ்க்கைப் பாதையை நகைக்கடைச் சீட்டு மாதிரி ஆக்கிவிட்டு, இதற்குச் சீர்திருத்தம் என்று பெயரும் வைத்தாயிற்று. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் விண்ணப்பங்கள் ஏன் மலையாகக் குவிகின்றன என்று ஆராய்பவர்கள் கட்டணப் பட்டியலையும் ஒரு தடவை பார்க்கலாம். 2025இல் ஒரு துறைக்கு முதல் முப்பது விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். கட்டணத்தை வாங்குவது மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே. குவியலைப் பார்த்துக் கண்ணீர் விடுவதும் அதே சங்கம்தான்.

சரி, இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கூத்து. 'அகாடமிக்' என்று ஒரு சாதி இருக்கிறதே, பேராசிரியராகி ஆராய்ச்சி செய்து நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகள், அவர்களுக்கு நடப்பது தனிக் கூத்து.

இன்டர்வியூ நாள் இப்போதெல்லாம் ஜூமில். மாணவர் மேலே கோட்டும் டையும், கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்திருக்கிறார். சேர்மன் ஸ்லைடுகளைத் தள்ளுகிறார். ஸ்லைடு மூன்றில் ரெசிடென்ட்கள் படகு விடுகிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் விட்டது, படம் ஐந்து வருஷமாக ஓடுகிறது. ஸ்லைடு நான்கில் 'நாங்கள் ஒரு குடும்பம்'. ஸ்லைடு ஆறில், என்.ஐ.எச். என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பின் நிதியில் எங்கள் துறை நாட்டிலேயே எத்தனாவது என்ற பெருமை. புளூ ரிட்ஜ் என்ற நிறுவனம் வருஷா வருஷம் அந்த வரிசையை வெளியிடுகிறது. கோடிக்கணக்கான டாலர். விடியற்காலை மூன்று மணிக்கு ஐந்தாவது மாடியில் பொட்டாசியம் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கும் ரெசிடென்ட்டுக்கு அந்தக் கோடியிலிருந்து ஒரு டீ கூட வந்து சேராது. கடைசி ஸ்லைடில் அமெரிக்க வரைபடம், பழைய மாணவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களெல்லாம் புள்ளிகளாக. பேராசிரியர் ஆனவர்களின் புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிசு.

வராத ஸ்லைடு ஒன்று உண்டு. பத்து வருஷத்தில் 'ஆராய்ச்சிதான் என் உயிர்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், இன்று சொந்தப் பெயரில் நிதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? இந்தக் கணக்கை யாரும் காட்ட மாட்டார்கள். பாதை அப்படி. ரெசிடென்சி, ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி, பிறகு என்.ஐ.எச். தரும் கே விருது என்ற ஆரம்ப நிதி. அந்த விருதின்படி உங்கள் நேரத்தில் முக்கால்வாசி ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அந்த முக்கால்வாசிக்கு முழுச் சம்பளத்தை என்.ஐ.எச். கொடுப்பதில்லை, மிச்சத்தைத் துறை போட வேண்டும். துறை போடும், ஆனால் அவுட்பேஷன்ட் கிளினிக்கில் ஆள் குறைந்த அன்று உங்கள் முக்கால்வாசிதான் முதலில் அரைவாசியாகும். அதையும் தாண்டி ஆர்01 என்ற பெரிய நிதிக்குப் போட்டியிட்டால் ஐந்தில் ஒருவருக்கு யோகம் அடித்தாலே அதிகம். முதல் ஆர்01 கைக்கு வரும்போது பெரும்பாலோருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஸ்லைடில் தெரிந்த பெரிய புள்ளிகள் இந்தச் சல்லடையில் தப்பியவர்கள். சல்லடைக்குக் கீழே விழுந்தவர்கள் சின்னப் புள்ளிகள்.

'அகாடமிக்' இடம் எது என்று தெரிந்துகொள்ள மாணவர்கள் பார்ப்பது டாக்ஸிமிட்டி தரவரிசை. 2014இல் யு.எஸ். நியூஸ் பத்திரிகையோடு சேர்ந்து ஆரம்பித்தது. அதன் அடிப்படை, டாக்டர்கள் எந்த இடத்தை உசத்தி என்று நினைக்கிறார்கள் என்ற வாக்கெடுப்பு. வாக்கெடுப்புக் காலத்தில் பழைய மாணவர்களுக்குத் துறையிலிருந்து அன்பான மெயில் வரும்: உங்கள் வீட்டை மறக்காதீர்கள். ஓட்டுக்கு மூக்குத்தி கொடுக்கவில்லை, அவ்வளவுதான் குறை. 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, யு.எஸ். நியூஸின் கல்லூரித் தரவரிசையில் இனிப் பங்கெடுக்க மாட்டோம் என்று விலகியது. அடுத்தடுத்து ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா. கொள்கைப் பிடிப்பு என்று ஊரே புகழ்ந்தது. பல வருஷம் உச்சியில் உட்கார்ந்து மாலை வாங்கிய பிறகு வந்த கொள்கை.

அடுத்தது பேப்பர். 2022 ஜனவரியில், மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 1 பரீட்சைக்கு மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள், இனி பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். மாணவர்களின் மன உளைச்சலைக் குறைக்கவாம். உளைச்சல் நேராக எழுந்து போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. ஒரு நாற்காலி ஸ்டெப் 2, இன்னொன்று ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கை. அந்த 2022இலேயே நியூரோசர்ஜரியில் இடம் கிடைத்த அமெரிக்க மாணவர் ஒருவர் கணக்குக் காட்டிய கட்டுரை, சுருக்கம், போஸ்டர் எல்லாம் சேர்த்துச் சராசரி 25.5. டெர்மட்டாலஜியில் 20.9. இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பிள்ளை, ஒரு நோயாளியைக் கூடத் தனியாகப் பார்த்திராத பிள்ளை, மருத்துவ அறிவுக்கு இருபத்தைந்து பங்களிப்புச் செய்தாயிற்று. 1984இல் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டு, பிற்பாடு 2005இல் நோபல் வாங்கிய பாரி மார்ஷல் இன்று விண்ணப்பித்தால், 'கதை சுவாரசியமாக இருக்கிறது, போஸ்டர் எத்தனை?' என்பார்கள்.

என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நோயாளி ஒருவர். தொடையில் கட்டி ஒன்று. கட்டுரைக்கு ஆசிரியர்கள் பதினொருவர். அறுத்தவர் இரண்டு பேர். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு பார்த்தவர் ஒருவர். ஒருவர் சேர்மன், கட்டியையும் பார்க்கவில்லை, கட்டுரையையும் பார்க்கவில்லை. மீதி ஏழு பேரும் விண்ணப்பத்தில் ஒரு வரி கூட்டிக்கொள்ள வந்த பிள்ளைகள். கட்டிக்கு மட்டும் விண்ணப்பம் போடும் வசதி இருந்திருந்தால் அதற்குத்தான் முதல் ஆசிரியர் இடம் நியாயம்.

இந்தக் கட்டுரைத் தொழிற்சாலையில் கூலியில்லாமல் மாவாட்டுவது யார்? இங்கேதான் மதுரையும் கோயம்புத்தூரும் வருகின்றன. எம்.பி.பி.எஸ். முடித்து, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த பணத்தில் ஸ்டெப் பரீட்சைகளை எழுதி, அமெரிக்காவுக்கு வந்து ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் அடித்தள அறையில் உட்கார்ந்திருக்கும் பெண். பதவி 'ரிசர்ச் வாலன்டியர்'. சம்பளம் பூஜ்யம். எக்செல்லில் நானூறு நோயாளிகளின் கோப்பைத் திறந்து கிரியாட்டினின், சோடியம், டிஸ்சார்ஜ் தேதி என்று பத்தி பத்தியாக நிரப்புகிறாள். பகலில் அமெரிக்க மாணவர் வந்து தலைப்பை மாற்றிவிட்டுப் போவார். கட்டுரை வெளிவரும்போது அவர் முதலாவது பெயர், இவள் ஏழாவது. 'உனக்கு நல்ல சிபாரிசுக் கடிதம் தருகிறேன்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் முதல் வரைவை எழுத வேண்டியதும் இவள்தான்.

கடிதம் வாங்க இன்னொரு வழி அப்சர்வர்ஷிப். ஏஜென்சிக்குப் பணம் கட்டினால் நாலு வாரம் ஒரு கிளினிக்கின் மூலையில் நிற்கலாம். நோயாளியைத் தொடக் கூடாது. ஆயிரம் படுக்கை அரசு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக ராத்திரிக்கு ராத்திரி பிரசவம் பார்த்தவள், காசு கொடுத்து, ஒருவர் ரத்த அழுத்தம் எடுப்பதை வேடிக்கை பார்க்கிறாள். அமெரிக்க அனுபவமாம்! இதற்கெல்லாம் பிறகு 2025 மேட்சில், வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள வெளிநாட்டுப் பட்டதாரிகளில் இடம் கிடைத்தவர்கள் 58 விழுக்காடு. அமெரிக்க எம்.டி. மாணவர்களில் 93 விழுக்காட்டுக்கு மேல். இடம் கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. அந்த மே மாதக் கடைசியில் அமெரிக்க அரசு மாணவர், பரிமாற்றப் பயணி விசாக்களுக்குப் புது நேர்காணல் தேதி கொடுப்பதைச் சுமார் மூன்று வாரம் நிறுத்தியது. டூட்டி ஜூலை முதல் தேதி. செப்டம்பரில் புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு. கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இல்லை என்று மேடையில் அழுவதும், வருகிற டாக்டரிடம் வாசலில் ஒரு லட்சம் கேட்பதும் ஒரே அரசாங்கம்.

இப்போது கூலிக்கு வருவோம். முதல் வருஷ ரெசிடென்ட்டின் சம்பளம் நாடு முழுக்கச் சராசரியாக 65,000 முதல் 70,000 டாலர். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், நான்கு வாரச் சராசரியாக. அதாவது இந்த வாரம் 95 மணி நேரம் போனால் அடுத்த வாரம் 65 என்று எழுதிச் சமன் செய்துகொள்ளலாம். அந்த 80 என்ற வரம்பைக்கூட ஆஸ்பத்திரிகள் மனமுவந்து கொடுத்ததில்லை. 1984இல் லிபி சையன் என்ற பதினெட்டு வயசுப் பெண் நியூயார்க் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். தூங்காத ரெசிடென்ட்கள், ஒன்றோடொன்று சேரக் கூடாத மருந்துகள். அவள் அப்பா பத்திரிகைக்காரர், விடவில்லை. நியூயார்க் மாநிலம் 1989இல் விதி போட்டது. நாடு முழுக்க வர 2003 ஆயிற்று. இந்த வழக்கங்களுக்கெல்லாம் மூலபுருஷர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்லியம் ஹால்ஸ்டெட். ரெசிடென்ட் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும் என்று வகுத்தவர், அபாரமான அறுவை மருத்துவர், கோகெயினுக்கும் மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர். அவர் வகுத்த டூட்டியை நாம் இன்று காப்பியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

80 மணி நேரம், 50 வாரம் என்று போட்டுப் பாருங்கள். மணிக்குச் சுமார் பதினேழு டாலர் வரும். கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல், பெரிய துரித உணவுக் கடைகளில் வேலை செய்பவருக்குச் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். அவர் வாங்குவது முழு நியாயம். அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது.

2002இல் சில டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்களைப் பேரம் பேசவே விடாமல் ஒரே இடத்தில் கட்டிப்போடும் இந்த மேட்ச், ஆஸ்பத்திரிகள் கூடிக் கூலியைக் குறைத்து வைக்கும் ஏற்பாடு, போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டு 2004 பிப்ரவரியில் வழக்கின் பெரும்பகுதியை நடத்த அனுமதித்தது. ஆஸ்பத்திரித் தரப்புக்குக் குளிர் ஜுரம் கண்டது. அதே வருஷம் ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. மருத்துவக் கல்விச் சட்டமா? இல்லை, பென்ஷன் நிதிச் சட்டம். அதன் 207ஆவது பிரிவாக, பென்ஷனுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லாமல், மேட்ச் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று செருகியிருந்தார்கள். அந்தப் பிரிவின் அழகே அழகு. ஆஸ்பத்திரிகள் கூடிப்பேசிச் சம்பளத்தை நிர்ணயித்தால் அது குற்றம்தான் என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் மேட்சை நடத்தியதையோ அதில் கலந்துகொண்டதையோ அதற்குச் சாட்சியமாகக் கோர்ட்டில் காட்டக் கூடாதாம். திருடினால் குற்றம், உடைந்த பூட்டை மட்டும் நீதிபதி பார்க்கக் கூடாது. ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடி ஆனது.

ரெசிடென்ட் சும்மா கற்றுக்கொள்ள வந்த பிள்ளை, ஆஸ்பத்திரிக்குச் செலவுதான் என்று சேர்மன் சொல்லுவார். அந்தச் செலவுக்கு மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது. ரெசிடென்ட் இடத்துக்கு உண்மையில் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் பிலடெல்ஃபியாவுக்குப் போங்கள். ஹானமன் என்ற நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழைய ஆஸ்பத்திரியை 2018இல் ஒரு முதலீட்டாளரின் நிறுவனம் வாங்கியது. நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள்: அமெரிக்கன் அகாடமிக் ஹெல்த் சிஸ்டம். பதினெட்டு மாதத்தில் திவால். 2019 கோடையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரெசிடென்ட்களும் ஃபெலோக்களும் தெருவில் நின்றார்கள், அவர்களில் பலர் சேர்ந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. திவால் கோர்ட்டில் ரெசிடென்சி இடங்களை ஏலம் விட்டார்கள். 5.5 கோடி டாலருக்கு ஏலம் போனது. மத்திய அரசு குறுக்கே நின்று தடுத்ததால் விற்பனை முடியவில்லை என்பது வேறு கதை. செலவு பிடித்த சுமையை 5.5 கோடி கொடுத்து வாங்க ஆறு ஆஸ்பத்திரிக் குழுமங்கள் கூட்டுச் சேர்ந்து வந்தன. பழைய சிகிச்சைகளுக்கான வழக்கு இன்ஷூரன்ஸை யார் கட்டுவது என்ற சண்டையில் மட்டும் ரெசிடென்ட்கள் மாதக்கணக்கில் தொங்கினார்கள்.

பட்டியலில் மேலே ஹானமன் மாதிரி இடத்தைப் போட்டால்தானே ஆபத்து, பெரிய பெயர் பார்த்துப் போட்டால் கவலையில்லை என்பவர்களுக்கு 2025 மார்ச். மாணவர்கள் பட்டியலைப் பூட்டிய அதே வாரம் வெள்ளிக்கிழமை, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 40 கோடி டாலர் நிதியையும் ஒப்பந்தங்களையும் அரசு ரத்து செய்ததாக அறிவித்தது. யூத மாணவர்களைப் பாதுகாக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். ரத்தானதில் பெரும்பங்கு என்.ஐ.எச். ஆராய்ச்சி நிதி. புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தக் காரணம் புரிந்திருக்குமா தெரியவில்லை. ஆராய்ச்சிக்காகவே அந்த இடத்தை முதலில் போட்ட மாணவர் இனி வரிசையை மாற்ற முடியாது, பூட்டியாயிற்று. அரசு மாற்றலாம், பல்கலைக்கழகம் சமரசம் பேசலாம், துறை வேலைக்கு எடுப்பதை நிறுத்தலாம். வாக்கு மாறக் கூடாதவர் இந்தக் கூத்தில் ஒருவரே. மாறினால் ஒப்பந்த மீறல் என்று அடுத்த மேட்சில் கலந்துகொள்ளவே தடை வரலாம்.

ஆகவே வருங்காலப் பேராசிரியர்களே, படகு ஸ்லைடு முடிந்ததும் 'கேள்வி ஏதாவது உண்டா?' என்பார்கள். 'இங்கே சாப்பாடு எப்படி?' என்று கேட்டு நல்ல பிள்ளை ஆகாதீர்கள். கே விருது வாங்கிய உங்கள் ஜூனியர் பேராசிரியருக்குப் போன மாதம் எத்தனை நாள் கிளினிக் என்று கேளுங்கள். நடுவில் விட்டுப் போனவர்களின் போன் நம்பரைக் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய மாதங்களில் எத்தனை மாதம் வார்டில் ஆள் இல்லை என்று திரும்பக் கூப்பிட்டார்கள் என்று ரெசிடென்ட்டிடம் கேளுங்கள், சேர்மன் ஜூமை விட்டுப் போன பிறகு. சேர்மனின் முகம் எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

வரிசைப்படுத்த நீங்கள் வைத்திருக்கும் எக்செல்லில் இன்னொரு பத்தியையும் சேருங்கள்: சங்கம் உண்டா, இல்லையா. 2023 மே மாதம் நியூயார்க் குவீன்ஸில் எல்ம்ஹர்ஸ்ட் ஆஸ்பத்திரி ரெசிடென்ட்கள், பெரும்பாலும் வெளிநாட்டுப் பட்டதாரிகள், மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கும் மன்ஹாட்டனில் உள்ளவர்களுக்கும் முதலாளி ஒரே மவுன்ட் சைனாய்தான். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் வருஷச் சம்பளம் ஏறக்குறைய 7,000 டாலர் அதிகம். மூன்று வருஷத்தில் 18 விழுக்காடு உயர்வு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அதே வருஷம் பாஸ்டனில் மாஸ் ஜெனரல் பிரிகம் ரெசிடென்ட்கள் சங்கம் வேண்டும் என்று கிளம்பினார்கள். ஹார்வர்டின் பயிற்சி ஆஸ்பத்திரிகள், அகாடமிக் உலகத்தின் கர்ப்பக்கிருகம். குடும்பத்துக்குள் வெளியாள் எதற்கு என்ற ராகத்தை நிர்வாகமும் பாடியது. பாடிய கையோடு, இத்தனை வருஷம் எந்த பட்ஜெட்டிலும் அகப்படாத பணம் சில வாரங்களில் அகப்பட்டது: 10 விழுக்காடு சம்பள உயர்வு, வருஷத்துக்கு 10,000 டாலர் படி. ரெசிடென்ட்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஜூன் மாதம் சங்கத்துக்கே ஓட்டுப் போட்டார்கள்.